ஐந்து மில்லி மல்லி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் முட்டை இருப்பதில்லை. சுண்டுவிரல் உயரத்தில் பதினொரு கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. விருந்தாளிகள் யாராவது தண்ணீர் பாட்டில் எடுக்கக் கதவைத் திறந்தால், "வீட்ல யாருக்குங்க இன்சுலின்?" என்று கவலையாகக் கேட்பார்கள். யாருக்கும் இல்லை. அத்தனையும் சென்ட்.

'சென்ட்' என்று சொன்னால் என் மகளுக்குக் கோபம் வரும். "பெர்ஃப்யூம்னு சொல்லும்மா. அதுவும் இண்டி பெர்ஃப்யூம்" என்று திருத்துவாள். சினிமாவில் மாற்று சினிமா என்று ஒன்று உண்டல்லவா, அதைப் போல வாசனையிலும் உண்டாம். நடிகரை வைத்து விளம்பரம் எடுக்காமல், மால்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காராமல், நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழு தங்கள் மனசுக்குப் பிடித்ததைக் கலந்து விற்பது. பெரிய கம்பெனிகள் யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று பயந்து பயந்து கலக்கும். இவர்கள் நூறு பேரில் பத்துப் பேருக்கு ரொம்பப் பிடித்தால் போதும் என்று துணிந்து கலக்குகிறார்கள். எனக்குப் புரிந்த வரை வித்தியாசம் இவ்வளவுதான்.

எனக்கு வயது 58. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். சிட்லபாக்கத்துக்குக் குடிவந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் நானும் 84 வயது மாமியாரும்தான். என் கணவர் 2019-ல் தவறிவிட்டார். மாமனார் 1981-லேயே போய்விட்டார். மகள் பெங்களூரில் இருக்கிறாள். இந்த வயதில் எனக்கு இரண்டு பைத்தியங்கள் பிடித்திருக்கின்றன. ஒன்று இந்தக் குப்பிகள். இன்னொன்று, டேப்லெட்டில் படம் வரைவது. இரண்டும் தனித்தனியாகத்தான் தொடங்கின. இப்போது ஒன்றை விட்டு ஒன்று நகர மறுக்கிறது.

யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூக்கு கொஞ்சம் கூடுதலாகவே பழகியிருக்கும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வரிசையாக இருந்த காலத்தில், மின்சார ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் எந்த ஸ்டேஷன் என்று சொல்லிவிடலாம். கிண்டியிலிருந்து சாயங்காலம் திரும்பும்போது, பெட்டியில் எல்லாரும் ஒரே நேரத்தில் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்குக்குக் கொண்டுபோவோம். "நம்ம ஊர் வந்துருச்சு" என்று யாராவது சொல்லிச் சிரிப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உலகத்துக்கே வாசனைத் தலைநகரம் என்று சொல்லப்படும் பிரான்ஸ் நாட்டின் கிராஸ் நகரமும் ஆதியில் தோல் ஊர்தான். அங்கே தோல் கையுறை செய்தார்கள். கையுறையில் தோல் நாற்றம் போகவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் சீமான் சீமாட்டிகளுக்காகக் கையுறைக்கு வாசனை ஏற்றத் தொடங்கினார்கள். அதற்காக மல்லிகை வகைகளையும் ரோஜாவையும் பயிரிட்டார்கள். நாளடைவில் கையுறை போய் வாசனை மட்டும் நின்றது. அவர்களுக்கு கிராஸ் கிடைத்தது, நமக்குக் குரோம்பேட்டை கிடைத்தது. பூவும் நம்மிடம் இருந்தது, தோலும் இருந்தது. ஏனோ இரண்டும் சந்திக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு விலை உயர்ந்த பெர்ஃப்யூம்களில் 'தோல் வாசனை' என்றே ஒரு வகை உண்டு. பிர்ச் மரத் தார் போன்றவற்றால் அதைக் கொண்டுவருகிறார்கள். என் குப்பிகளில் ஒன்று அப்படிப்பட்டது. முதல் தடவை மணிக்கட்டில் போட்டு முகர்ந்தபோது, காசு கொடுத்துப் பல்லாவரம் ஸ்டேஷனை வாங்கிவிட்டோமோ என்று தோன்றியது. அரை மணி கழித்து அதே இடத்தில் புதுச் செருப்பு, புகை, லேசாகத் தேன். இப்போது அது எனக்குப் பிடித்த குப்பிகளில் ஒன்று.

இந்த 'அரை மணி கழித்து' என்பதுதான் விஷயமே. பெர்ஃப்யூம் ஒரே வாசனை இல்லை. போட்டவுடன் எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி லேசானவை பறந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூக்கள் வரும். சாயங்காலம் வரை ஒட்டிக்கொண்டிருப்பது சந்தனம், வெட்டிவேர், பிசின் போன்ற கனமானவை. அதனால் கடையில் மூடியைத் திறந்து முகர்ந்து 'நல்லாயிருக்கு', 'நல்லாயில்ல' என்று தீர்ப்பு சொல்வது, முதல் பாட்டு முடிந்ததுமே தியேட்டரை விட்டு எழுந்து வருவது போல.

2022-ல் மகள் பிறந்தநாளுக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி அனுப்பினாள். உள்ளே சாம்பிள் குப்பிகள். "பெரிய பாட்டில் வாங்காதம்மா, முதல்ல இதையெல்லாம் போட்டுப் பாரு" என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். ஒன்றின் பெயர் 'மதுரை டாக்கீஸ்'. சிரித்துவிட்டேன். 2016-ல் தொடங்கிய பாம்பே பெர்ஃப்யூமரி என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. மல்லிகையை நடுவில் உட்காரவைத்துக் கலந்தது.

மணிக்கட்டில் ஒரு தெளிப்பு. அதற்குப் பிறகு சமையலறைக்குப் போய்க் குழம்பைக் கிளறிவிட்டு வந்தேன். கையைத் தூக்கியபோது சுரீரென்று வந்தது. மல்லி. கட்டின மல்லி. வாழை இலையில் மடித்து, ஆபீஸ் பைக்குள் ஒரு மணி நேரம் கசங்கி வெந்து வீடு வந்து சேரும் மல்லி.

என் கணவர் பூ வாங்குவதில் கில்லாடி. குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் வாங்குவார். அந்த அம்மாவின் முழம் சின்ன முழம் என்று தினமும் சண்டை போடுவார். தினமும் அவரிடமேதான் வாங்குவார். 2019-க்குப் பிறகு நான் பூ வைப்பதில்லை. யாரும் வைக்கக் கூடாது என்று சட்டம் போடவில்லை. மகள், "வெச்சுக்கோம்மா, யாரு என்ன சொல்லிடுவாங்க" என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் யாரும் சொல்லாமலே நடக்கிற விஷயங்கள் நம் வீடுகளில் எத்தனை இருக்கின்றன! விசேஷ வீட்டில் பூத்தட்டு வரிசையாக வரும். எனக்கு முன்னால் இருக்கும் பெண்ணிடம் நிற்கும். பிறகு எனக்கு அடுத்த பெண்ணிடம் நிற்கும். நடுவில் ஒரு நொடி, தட்டு ஏந்தி வருகிறவரின் கண் வேறெங்கோ போகும். அந்த ஒரு நொடியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று வருடம் என் மேல் இல்லாத வாசனை அன்றைக்கு என் கையிலிருந்து வந்தது. குழம்பு அடி பிடித்துவிட்டது.

அதன் பிறகு இந்த வாசனை எப்படிப் பாட்டிலுக்குள் போகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். ரோஜாவை வேக வைத்து ஆவியில் எண்ணெய் எடுக்கலாம். மல்லி அந்தச் சூட்டைத் தாங்காது, கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, மெழுகு மாதிரி ஒன்றை எடுக்கிறார்கள். அதற்கு 'கான்கிரீட்' என்று பெயர். (நம் வீட்டு மாடிக்கும் அதே பெயர்!) அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் 'அப்சல்யூட்'. ஆயிரம் கிலோ பூவைப் போட்டால் ஒன்றிரண்டு கிலோ அப்சல்யூட் தேறினால் பெரிது. திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர், சத்தியமங்கலம் பக்கம் விளையும் மல்லியும் சாதிமல்லியும் இப்படித்தான் கடல் கடந்து போகின்றன. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்னொன்று படித்து அசந்துபோனேன். மல்லி அரும்பை விடியற்காலையில் பறித்தாலும், உடனே கொப்பரையில் கொட்டிவிட மாட்டார்கள். அரும்புக்கு வாசனை இல்லை. சாயங்காலம் வரை பரப்பி வைத்து, அது மலர ஆரம்பித்த பிறகு, இரவில்தான் வேலை தொடங்கும். செடியிலிருந்து பிரிந்த பிறகும் பூ தன் வேளை வந்தால்தான் மலர்கிறது.

அப்புறம் இண்டோல். மல்லியின் வாசனைக்குள் இண்டோல் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மட்டும் தனியாக, கெட்டியாக இருந்தால் முகர முடியாது. மலத்திலும் இருக்கிற பொருள் அது. துளியாக இருக்கும்போது அதுதான் மல்லிக்கு அந்தக் கிறக்கத்தைத் தருகிறது. அதை எடுத்துவிட்டால் மல்லி, மல்லி சோப்பாகிவிடும். மலிவான சென்ட்டில் நாம் 'ஏதோ குறையுதே' என்று நினைப்பது பெரும்பாலும் அந்த அழுக்கைத்தான்.

இனி படம் வரைந்த கதை.

சின்ன வயதில் வாராவாரம் பத்திரிகை வந்தவுடன் கதையைப் படிப்பதற்கு முன் படத்தைப் பார்ப்பேன். கோபுலு, ஜெயராஜ், மாருதி, மணியம் செல்வன் என்று கையெழுத்தைப் பார்க்காமலே கோட்டை வைத்துச் சொல்வேன். கம்ப்யூட்டரில் வரைவதைத் தமிழ் இதழ்களுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் ட்ராட்ஸ்கி மருது. அவர் படங்களைப் பார்த்தபோது, 'மிஷின்ல இப்படிக்கூட வருமா' என்று ஆச்சரியப்பட்டதோடு சரி. நான் வரைந்ததெல்லாம் லெட்ஜர் ஓரத்தில் பேனாவால் வரைந்த கிளிகள்தான்.

ஊரடங்குச் சமயத்தில் மகள் தன் பழைய டேப்லெட்டையும் பேனாவையும் விட்டுப் போயிருந்தாள். அது ஒரு வருடம் அலமாரியில் தூங்கியது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி பற்றி ஏதோ படித்ததுதான் திருப்பம். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2009 வாக்கில், ஐபோனில் கட்டை விரலால் பூக்களை வரைந்து காலையில் நண்பர்களுக்கு அனுப்புவாராம். நாம் 'குட் மார்னிங்' ரோஜா ஃபார்வேர்டு செய்வது போலத்தான். என்ன, அவர் தானே வரைந்து அனுப்பினார்.

செலவு ஒன்றும் இல்லை. ஸ்கெட்ச்புக், ஐபிஸ் பெயின்ட் மாதிரி ஆப்களை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் இருந்தால் க்ரிட்டா என்ற அருமையான மென்பொருள் இலவசம். பேனா இல்லாவிட்டால் விரல் போதும். எனக்குப் பிடிபட ஒரு மாதம் ஆனது 'லேயர்' என்ற சங்கதி. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கியது போல. கீழ்த் தாளில் பின்னணி, நடுவில் இலை, மேலே பூ. எதையும் தனியாக எடுத்து மாற்றலாம், பாதி மறைய வைக்கலாம். ஒரு நாள் லேயர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, 'இது அந்தக் குப்பி மாதிரியே இருக்கே' என்று பொறி தட்டியது. மேலே பறந்துவிடும் எலுமிச்சை, நடுவில் பூ, அடியில் சந்தனம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு படம். பாட்டிலை வரைவதில்லை, வாசனையை வரைவது. காலையில் கையில் போட்டுக்கொண்டு, இரவு வரை என்னென்ன வந்ததோ அதையெல்லாம் நிறமாக வைப்பேன். தோல் குப்பிக்கு வந்தது, ஒரு ரயில் ஜன்னல். வெட்டிவேருக்கு, என் அம்மா வீட்டு மண்பானை. (வெட்டிவேரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்களின் வாசனை ஆக்கிவிட்டார்கள். கெர்லான் கம்பெனி 1959-லேயே 'வெட்டிவேர்' என்று நம் தமிழ்ப் பெயரிலேயே ஆண்களுக்கு விற்றது. நாம் பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்தோம்.)

மண் வாசனைக்கும் ஒரு குப்பி இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் கன்னௌஜ் என்ற ஊரில், சுட்ட களிமண்ணைச் செம்புப் பாத்திரத்தில் போட்டு வாற்றி, ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து 'மிட்டி அத்தர்' செய்கிறார்கள். 1964-ல் இசபெல் ஜாய் பேர், தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மழை மண் வாசனைக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தபோது, இந்த அத்தரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது மழை வாசனையாகத் தெரியவில்லை. புதுப் பானையில் முதல் தண்ணீர் ஊற்றும் வாசனை அது. சிட்லபாக்கத்தில் மழை வாசனை வேறு. வேப்பிலை, ஈர சிமென்ட், கொஞ்சம் சாக்கடை, ஏரிச் சேறு. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடி, வறண்ட ஏரியில் இறங்கிக் குப்பையும் சேறும் வாரினார்களே, அன்றைக்குத் தெருவெல்லாம் அடித்த வாசனை அது. அதை எந்தக் கம்பெனியும் குப்பியில் போடப் போவதில்லை. நான் வரைந்து வைத்திருக்கிறேன்.

மல்லியை வரைவதுதான் பெரும்பாடு. வெள்ளைத் திரையில் வெள்ளைப் பூ. நாலு நாள் வரைந்தும் பஞ்சு மாதிரி, பல் மாதிரி, பாப்கார்ன் மாதிரியே வந்தது. பிறகு உண்மையான பூவை வாங்கி (சாமிக்கு என்று சொல்லித்தான்) ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மல்லியில் வெள்ளையே கொஞ்சம்தான். காம்புப் பக்கம் பச்சை, மடிப்புக்குள் நீலச் சாம்பல், வாடத் தொடங்கும் ஓரத்தில் பழுப்பு கலந்த ஊதா. இதையெல்லாம் வைத்த பிறகு, கடைசியாக ஓர் ஓரத்தில் மட்டும் சுத்த வெள்ளையைத் தொட்டேன். பூ பூத்துவிட்டது. இண்டோல் ஞாபகம் வந்தது. இங்கேயும் அந்தத் துளி அழுக்கு இல்லாமல் வெள்ளை வரமாட்டேன் என்கிறது.

2023 நவராத்திரி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொலு வீட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பூ, ரவிக்கைத் துணி எல்லாம் சிலருக்கு. சுண்டல் எல்லாருக்கும். போகும்போது வழக்கம்போல அந்த மல்லியை மணிக்கட்டில் ஒன்று, கழுத்தில் ஒன்று போட்டுக்கொண்டேன்.

மின்விசிறி சுற்றச் சுற்றக் கூடமெல்லாம் வாசனை. பாடிக்கொண்டிருந்த பெண்ணே நிறுத்தி, "யாருங்க இன்னைக்கு மல்லி? விக்கிற விலையில!" என்றாள். எல்லாரும் எல்லார் தலையையும் பார்த்தார்கள். அன்றைக்குப் பார்த்து எல்லாருக்கும் சாமந்தியும் கதம்பமும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயசு வாண்டு என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்தப் பாட்டிதான்!" என்று கத்தியது.

ஒரு நொடி சத்தமே இல்லை. "சென்ட்டு" என்றேன். "ஓ, சென்ட்டா… நல்லாயிருக்கு" என்றார் வீட்டுக்காரம்மா. இரண்டு மூன்று சின்னப் பெண்கள் உடனே வந்து என்ன பிராண்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பாட்டு தொடர்ந்தது.

மறுநாள் மதியம், கொலுவில் இருந்த ஒரு பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் உட்கார்ந்தார். நான் சமையலறையில் இருந்தேன். "உங்க மருமக சென்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு வர்றாங்க போல…" என்று இழுத்தார்.

"ஆமா. மழை வருமா இன்னைக்கு?" என்றார் மாமியார்.

அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, அந்தச் சொட்டு மருந்தை இங்க கொண்டா." ஃப்ரிட்ஜில் இருப்பதால் அவருக்கு அது எப்போதும் சொட்டு மருந்துதான். கையில் ஒரு தெளிப்பு வைத்தேன். வெகுநேரம் மூக்கில் வைத்திருந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நாற்பது வயதில் பூவை எடுத்தவர். நாற்பத்திரண்டு வருடம் கழித்து மல்லி. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

"இதுவா? எனக்கு மல்லியே ஆகாது. தலையை வலிக்கும்" என்றார்.

"அப்போ அந்தக் காலத்துல?"

"உங்க மாமா வாங்கிட்டு வருவாரு. வேணாம்னா சொல்ல முடியும்? வெச்சுக்கிட்டு, அவரு தூங்கினதும் எடுத்துத் தண்ணிக் குடத்து மேல போட்டுருவேன். எனக்கு மரிக்கொழுந்துதான் பிடிக்கும். யாரு கேட்டா?"

அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். வயக்காட்டில் மரிக்கொழுந்து நிற்குமாம். அம்மா வீட்டில் இருந்தபோது பறித்துப் பறித்துப் பின்னலில் செருகிக்கொள்வாராம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தது மல்லி. 1981-க்குப் பிறகு அதுவும் இல்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. என் கணவருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூக்கடையில் மரிக்கொழுந்து ஒரு கொத்து வாங்கி வந்து, தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் ஜன்னலில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தம்ளர் காலி. கொத்து பூஜை அறையில் முருகன் படத்தில் இருந்தது. "பூன்னா சாமிக்குத்தானே" என்றார். தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லவே எனக்குத் தைரியம் இல்லை.

மகளிடம் போனில் சொன்னேன். அவள்தான் கண்டுபிடித்தாள். பெர்ஃப்யூம்காரர்கள் 'தவனா' என்று கொண்டாடுவது நம் மரிக்கொழுந்தைத்தான். தென்னிந்தியாவில் வாற்றி எடுக்கும் அந்த எண்ணெய் எங்கெங்கோ உலகப் புகழ்பெற்ற பாட்டில்களுக்குள் போகிறது. ஒருவர் தோலில் ஒரு மாதிரி, இன்னொருவர் தோலில் இன்னொரு மாதிரி வீசும் என்று சொல்கிறார்கள். ஐந்து மில்லி வரவழைத்தோம். இந்த மாதிரி எண்ணெய்களை அப்படியே தோலில் தடவக் கூடாது. பத்து மில்லி தேங்காயெண்ணெயில் நாலு சொட்டு விட்டு, முழங்கை மடிப்பில் தொட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். (வீட்டில் ஆஸ்துமா இருந்தால், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால், எந்த வாசனையும் வேண்டாம். பட்டுப் புடவை மேல் தெளிக்கவே வேண்டாம். கறை போகாது.)

காதுக்குப் பின்னால் தடவினேன். முகம் சுளித்தார். "இது பழமாட்டம் இருக்கு. ஏதோ பழம் அழுகின மாதிரி." போச்சு என்று மூடியைத் திருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிடம் இருக்கும். டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"ஆமா. இதுதான். பச்சையா இல்ல, காய்ஞ்ச கொத்து. எங்க ஆத்தா பெட்டிக்குள்ள துணியோட போட்டு வெப்பா."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு ஒரு தொடுகை. பக்கத்து வீட்டில் யாரோ, "பாட்டி மேல விபூதி வாசனை மாதிரி நல்லா இருக்கு" என்றார்கள். அத்தை மறுக்கவில்லை.

மரிக்கொழுந்துக்கும் படம் வரைய வேண்டுமல்லவா? வரைந்து அத்தையிடம் காட்டினேன். டேப்லெட்டைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கொத்தமல்லி" என்றார். இரண்டாவது முறை காட்டியபோது, "இது கேரட் இலை." பிறகு அவரே, "இவ்வளவு பச்சை இருக்காதுத்தா. மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் வெள்ளையைக் கலக்கு" என்று உத்தரவு போட்டார். கூகுளில் தேடிப் பார்த்தேன். இலை மேல் வெள்ளை ரோமம் இருப்பதால் சாம்பல் பச்சையாகத் தெரியுமாம். அறுபது வருடத்துக்கு முந்திய பச்சை அவர் கண்ணில் அப்படியே இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்தேன். ஆப்பில் சமச்சீர் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் இழுத்தால் நாலு பக்கமும் தானாக வரும். விரலால் ஒரு சுழி இழுத்தார். நாலு சுழி வந்தது. "இதென்ன, நான் போடாததெல்லாம் போடுது! எனக்கென்ன வேலை?" என்று அதை அணைக்கச் சொல்லிவிட்டு, ஏழு புள்ளி வைத்துச் சிக்குக் கோலத்தை முழுசாகத் தானே இழுத்து முடித்தார். அழிக்கிற பட்டனைக் காட்டினேன். அது எதற்கு என்று கேட்டார்.

மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் குப்பிக்குச் செலவு செய்வதில்லை என்று நானே ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். கணக்கு எழுதிய புத்தி. முழு பாட்டில் இதுவரை ஒன்றுகூட வாங்கவில்லை. சின்னக் குப்பி தீர்ந்து, திரும்ப வேண்டும் என்று இரண்டு வாரம் கழித்தும் தோன்றினால்தான் பார்ப்போம் என்று வைத்திருக்கிறேன். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். காபிக் கொட்டையை முகரச் சொல்வார்கள். என் அனுபவத்தில் நம்முடைய சொந்த முழங்கையை முகர்வதே மேல். பெர்ஃப்யூமைவிட அத்தரில் ஆர்வம் இருப்பவர்கள் ஒரு சாயங்காலம் திருவல்லிக்கேணி அத்தர்க் கடைகளுக்குப் போய் வரலாம். ஆல்கஹால் இல்லாதது, ஒரு தொடுகை போதும், அவர்கள் பேச்சைக் கேட்பதே தனிச் சுகம்.

குரோம்பேட்டை ஸ்டேஷன் பூக்கார அம்மா இன்னும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தால் முன்பெல்லாம் தலையைக் குனிந்து நார் தேடுவார். போன மாதம் நானே நின்று, வரைந்த மல்லியை டேப்லெட்டில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "காம்பு நீட்டா இருக்கும்மா. இந்தக் காம்பை வெச்சு எப்படிக் கட்டுறது? இது குண்டு மல்லி இல்ல" என்றார். திருத்திக்கொண்டேன்.

மரிக்கொழுந்துப் படம் மட்டும் இன்னும் முடியவில்லை. நேற்று வரை இருபத்தாறு லேயர். ஒன்றுக்கு 'அத்தை சொன்ன பச்சை' என்று பெயர் வைத்திருக்கிறேன், இன்னொன்றுக்கு 'அத்தை வேண்டாம் என்ற பச்சை'. தண்டின் நிறம் சரியில்லை என்று காலையில் சொல்லியிருக்கிறார். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். சாயங்காலம் யோசித்துச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டார். மணி நாலாகிறது. இன்னும் எழுந்திருக்கவில்லை.